படகுக்கு ஒரு பட்டை

கேரளத்தில் வேம்பநாட்டுக் காயல் இருக்கிறது. ஆலப்புழை, முகம்மை, குமரகம் போன்ற ஊர்கள் அதன் பக்கம் உள்ளன. அங்கே பலருக்குப் படகுதான் பஸ். வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மோட்டார் படகில்தான் போகிறார்கள்.

படகு துறைக்கு வரும்போதெல்லாம் கல்லில் இடிக்கிறது, உரசுகிறது. இந்த இடியை யார் தாங்குவது? பலகை தாங்கினால் பலகை விரியும். இடுக்கு வழியே தண்ணீர் உள்ளே வரும். அதனால்தான் படகின் மேல் விளிம்பை ஒட்டி, முன்னிருந்து பின்வரை ஒரு பட்டை அடிக்கிறார்கள். சில படகில் அது மரம். சிலவற்றில் ரப்பர். பழைய டயரைக் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. டயர் மலிவு, நல்லதும்கூட. ஆனால் அடியில் ஓர் ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடும்.

பட்டை பழசானதும் அதன் மேலேயே புதுசை அடித்துவிடலாமா? கூடாது. பழைய பட்டைக்குப் பின்னால்தான் ஈரம் ஒளிந்திருக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே மரம் இற்றிருக்கும். ஆகவே முதலில் பட்டையைக் கழற்றுங்கள். திருப்புளி முனையால் பலகையைக் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. அதை வெட்டி எடுத்து, அதே மரத்தில் துண்டு வைக்க வேண்டும். கேரளத்தில் படகுக்கு ஆஞ்சிலி மரம் பெயர் பெற்றது. அது பலாவுக்கு உறவு. பழைய திருகாணி ஓட்டைகளில் மரக்குச்சியைப் பசை தடவி அடைக்க வேண்டும். மரம் நன்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டு ஈரத்தை மூடினால் மறுபடி இற்றுவிடும்.

அடுத்து ஆணி. கோடையில் காயலில் கடல் உப்பு ஏறும். சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு மரத்தையும் தின்னும். மரப் பட்டைக்குப் பித்தளைத் திருகாணி போடலாம். எவர்சில்வரும் போடலாம். ஆனால் அலுமினியப் பட்டையில் பித்தளை போடாதீர்கள். உப்பு நீரில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப் போகும்.

புதுப் பட்டையை மூக்குப் பக்கமிருந்து பொருத்திக்கொண்டு வாருங்கள். வளைய மறுக்கும் ரப்பரை வெந்நீரில் போட்டால் இளகும். அதை இழுத்து நீட்டி அடிக்காதீர்கள். பிறகு சுருங்கி முனையில் இடைவெளி விழும். பட்டைக்குப் பின்னே தண்ணீர் புகாத பசை தடவுங்கள். திருகாணியின் தலை பட்டைக்குள் அமுங்கி இருக்கட்டும். வெளியே நீட்டினால் ஏறுபவர் கையைக் கிழிக்கும்.

பட்டை இடியைத்தான் தாங்கும், அதிகப் பாரத்தை அல்ல. 2002 ஜூலை 27 அன்று குமரகம் அருகே பயணிகள் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். அதில் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள்.

படகில் போகிறவர்களுக்கும் ஒரு சொல். துறை நெருங்கும்போது கையை வெளியே வைக்காதீர்கள். பட்டைக்கும் கல்லுக்கும் நடுவே விரல் சிக்கினால் நசுங்கிவிடும். படகுக்காரர் ஒரு மாதம் கழித்துத் திருகாணிகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.