இரட்டை எரிபொருள் ஜெனரேட்டரும் ஜெர்மானியக் குளிர்காலமும்

2005-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, ஜெர்மனியின் மேற்குப் பகுதியிலுள்ள மியூன்ஸ்டர்லாந்துப் பிரதேசத்தில் ஈரம் மிகுந்த பனி பெய்து, மின்கம்பிகளைச் சுற்றித் திரண்டு கெட்டிப்பட்டு, அந்தப் பாரத்தையும் காற்றையும் தாங்கமாட்டாமல் உயரழுத்தக் கோபுரங்கள் எண்பதுக்கு மேல் ஒடிந்து சாய்ந்தபோது, சுமார் 2,50,000 பேர் மின்சாரமின்றித் தவித்தார்கள். ஓக்ட்ரூப் போன்ற ஊர்களில் அது திரும்பி வருவதற்குச் சில நாட்கள் பிடித்தன. 2019 பிப்ரவரியில் பெர்லின் நகரத்துக் கோப்பெனிக் பகுதியில், பாலவேலைக்காகத் துளையிட்டவர்கள் பூமிக்கடியிலிருந்த 1,10,000 வோல்ட் கேபிள்களை அறுத்துவிட, சுமார் 30,000 வீடுகள் முப்பது மணி நேரத்திற்கு மேல் இருண்டு கிடந்தன. சராசரி ஜெர்மானியக் குடும்பம் ஒரு வருஷத்தில் மின்சாரத்தை இழப்பது சுமார் 12 நிமிஷமே என்பது மத்திய ஒழுங்குமுறை ஸ்தாபனத்தின் கணக்கு. நம்மூர்க்காரர்களுக்கு அது பொறாமையூட்டும் கணக்குத்தான். ஆனால் பனியில் அகப்பட்ட ஊருக்கு அந்தச் சராசரியால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

ஆகவே அங்கும் ஜெனரேட்டர் வாங்குகிறார்கள். பெட்ரோலிலும் புரோப்பேன் வாயுவிலும் ஓடக்கூடிய யந்திரங்கள் இப்போது மலிந்துவிட்டபடியால், கடையில் அருகருகே நிற்கும் இரண்டுக்குள் நிறத்தையும் விலையையும் தவிர வேறு பேதம் காண்பது அரிதாயிருக்கிறது. இந்த ஏற்பாட்டை நூதனமென்று விளம்பரம் செய்கிறவர்கள் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். ஜெனரேட்டரின் இரு பாகங்களுக்கும் தாயகம் ஜெர்மனியே: 1866-இல் வெர்னர் சீமென்ஸ் டைனமோவின் தத்துவத்தைக் கண்டார், 1876-இல் கொலோனை அடுத்த டாய்ட்ஸில் நிக்கொலாஸ் ஓட்டோ நான்கு வீச்சு எஞ்சினை இயக்கினார். அந்த எஞ்சின் ஓடியது பெட்ரோலில் அன்று, தெருவிளக்குக்கான நிலக்கரி வாயுவில். 1928-இல் பறந்த கிராஃப் செப்பெலின் ஆகாயக் கப்பலின் மேபாக் எஞ்சின்களோ பெட்ரோலையும் ஏற்றன, பிளாவ் வாயுவையும் ஏற்றன. ஏறக்குறையக் காற்றின் எடையே உடைய அந்த வாயு செலவாகச் செலவாகக் கப்பலின் பாரம் மாறாமலிருந்தது என்பது அதன் விசேஷம். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் பெயர்ந்த நம்மவர்களுக்கும் இது புதிதன்று. 1990-களில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோலுக்குத் தடை இருந்த காலத்தில், சில துளி பெட்ரோலால் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களை அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இனி யந்திரத்தைப் பார்ப்போம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வாட் எண் பெரும்பாலும் பெட்ரோலுக்கு உரியது, அதிலும் சில விநாடி மாத்திரம் தாங்கக்கூடிய உச்ச எண். வாயுவில் ஓட்டும்போது சக்தி ஏறத்தாழப் பத்து சதவீதம் குறையுமாதலால், வாயுவில் இடைவிடாது கிடைப்பது எவ்வளவு என்ற எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும். அதை வெளியிடாத கம்பெனியின் சரக்கை நான் தொடமாட்டேன். ஜெர்மானிய வீடுகளில் சகஜமான 11 கிலோ புரோப்பேன் சிலிண்டரில் சுமார் 140 யூனிட் உஷ்ண சக்தி அடங்கியிருக்கிறது. சிறு எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும் என்று கொண்டால், கிடைப்பது 28 யூனிட். ஃபிரிட்ஜும் விளக்குகளும் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனும் அதைக் கொண்டு ஒன்றிரண்டு நாள் ஓடிவிடும். பெட்ரோல் சில மாதங்களில் கெட்டுக் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். புரோப்பேன் பல வருஷமானாலும் அப்படியே இருக்கும். மின்சாரமில்லாத நாளில் பெட்ரோல் பங்க்கும் வேலை செய்யாது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

வாயுவுக்கும் ஒரு தொல்லை உண்டு. திரவ புரோப்பேன் ஆவியாவதற்குச் சுற்றுப்புறத்திலிருந்து உஷ்ணத்தை இழுக்கிறது. அது கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியில் என்றாலும், எஞ்சின் வேகமாக உறிஞ்ச உறிஞ்சச் சிலிண்டர் குளிர்ந்து, உறைபனி பூத்து, அழுத்தம் வீழ்ந்து, யந்திரம் திக்கித் திணறும். பூஜ்யத்தின் அருகிலேயே ஆவியாக மறுக்கும் பியூட்டேனைக் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு சிலிண்டர்களை இணைத்துக்கொள்வதே இதற்குப் பரிகாரம். ரெகுலேட்டரையும் கவனிக்க வேண்டும்: ஜெர்மனியில் வீட்டு உபயோகத்திற்கு 50 மில்லிபார், சுற்றுலா வண்டிகளுக்கு 30 மில்லிபார், அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த யந்திரம் அங்குள்ள சிலிண்டரோடு பொருந்தாமலே போகலாம்.

மூன்று ஃபேஸ் மின்சாரம் அங்கே சாதாரண வீட்டிற்குள்ளும் வருவதால், 400 வோல்ட் யந்திரத்தில் மயங்குகிறவர்கள் பலர். அதன் பெரிய எண் மூன்று ஃபேஸ்களும் சேர்ந்து சுமக்கும் அளவு. ஒற்றை ஃபேஸ் பிளக்கில் அதில் பாதிகூடக் கிடைக்காமற்போவது உண்டு. ஒரு கொதிகலனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் 2,000 வாட் இன்வெர்ட்டர் வகையே போதும், அதன் மின் அலையும் சுத்தமாயிருக்கும். இங்கே பலரும் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. வாயுக் கொதிகலன் தன் தீ எரிகிறதா என்பதை, அச்சுவாலை வழியே பூமிக்குச் செல்லும் அணுவளவு மின்னோட்டத்தைக் கொண்டு அறிகிறது. ஜெனரேட்டரின் நியூட்ரல் பூமியோடு சேராமல் மிதக்குமானால் அந்த மின்னோட்டத்திற்குத் திரும்பும் வழி இல்லை. தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கையிலேயே கொதிகலன் 'தீ இல்லை' என்று முடிவுகட்டி அணைத்துவிடும். யந்திரத்தின் மேல் வீண்பழி போடுவதற்கு முன்னால், நியூட்ரலை எர்த்தோடு இணைக்கவும், தெருக்கம்பிக்கு மின்சாரம் பாயாதபடி சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் பொருத்தவும் லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

எந்த எரிபொருளானாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. 2017 ஜனவரியில் பவேரியாவின் ஆர்ன்ஷ்டைனில், தோட்ட வீட்டுக்குள் ஓடிய பெட்ரோல் ஜெனரேட்டரின் புகையால் ஆறு இளைஞர்கள் மாண்டார்கள். யந்திரத்தின் இடம் வெட்டவெளி ஒன்றே. காற்றைவிடக் கனமான புரோப்பேன் பள்ளத்தில் தேங்குமாதலால் சிலிண்டரை நிலவறையில் வைப்பதும் கூடாது.

கடைசியாக ஓசை. ஐரோப்பியச் சட்டப்படி ஒட்டவேண்டிய முத்திரையில் ஒரு யந்திரம் 96 டெசிபல் என்றும், விளம்பரத்தில் இன்னொன்று 71 டெசிபல் என்றும் சொன்னால், பின்னது சாதுவென்று தோன்றும். முன்னது யந்திரம் வெளியிடும் மொத்த ஒலிச்சக்தி. பின்னது ஏழு மீட்டர் தள்ளி நின்று அளந்தது. இரண்டுக்கும் இடையே தூரத்தினால் மட்டும் சுமார் 25 டெசிபல் வித்தியாசம் வருமாதலால், அவ்விரு யந்திரங்களும் ஒரே அளவு சத்தம் போடுகிறவையே. முத்திரையை முத்திரையோடுதான் ஒப்பிட வேண்டும். ஆபத்து வேளைக்கு விலக்கு உண்டென்றாலும், ஜெர்மானியக் குடியிருப்புப் பகுதியில் இரவு எட்டு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமை முழுதும் இத்தகைய யந்திரங்களை ஓட்டுவதற்குத் தடை இருப்பதால், மாதாந்தரச் சோதனை ஓட்டத்தை வாரநாளின் பகற்பொழுதில் வைத்துக்கொள்வது உசிதம்.