ஆலயத்தின் ஆடை

வட எத்தியோப்பியாவின் மேட்டு நிலத்தை ஆகாயத்திலிருந்து நோக்குவோருக்கு, அறுவடை முடிந்து பழுப்பேறிக் கிடக்கும் வயல்களின் நடுவே, வட்ட வட்டமான பசுந்திட்டுகள் ஆங்காங்கே தென்படும்; அவற்றின் மத்தியில் மரங்களின் நிழலில் மறைந்தவாறு ஒரு தேவாலயம் நிற்கும். உழவுக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்குமாகச் சுற்றுப்புறக் காடுகள் அனைத்தும் அழிந்த பின்னரும், ஆலயத்தைச் சூழ்ந்த காடு மட்டும் கோடரிக்குத் தப்பிப் பிழைத்திருக்கிறது.

அக்ஸூம் நாட்டு மன்னர் ஏஸானா 4-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய நாள்தொட்டு வேரூன்றிய எத்தியோப்பியத் திருச்சபை, காட்டை ஆலயத்தின் புறத்தே உள்ள பொருளாகக் கருதவில்லை. காடில்லாத ஆலயம் ஆடையற்ற மனிதனுக்கு ஒப்பாகும் என்பது அங்குள்ள குருமாரின் எண்ணம். ஏதேன் தோட்டத்தின் சாயலாகவே அவர்கள் அதைப் பேணுகிறார்கள். காட்டு ஒலிவமும் ஜூனிப்பரும், அவற்றை நம்பி வாழும் பறவைகளும் வண்டுகளும் அந்த நிழலில் அடைக்கலம் பெற்றுள்ளன.

மனிதன் இயற்கையைத் தன் இச்சைப்படி ஆளலாம் என்னும் எண்ணத்துக்கு மேலைக் கிறிஸ்தவமே வித்திட்டது என்று, 1967-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் குற்றஞ்சாட்டினார். அக்குற்றச்சாட்டு முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதன்று. பூமியை ஆளும் அதிகாரம் மனிதனுக்கு அளிக்கப்பட்டதாகக் கூறும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் பற்றிக்கொண்ட பலர், தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பதற்காகவே அவன் அங்கே வைக்கப்பட்டான் என்னும் இரண்டாம் அதிகாரத்தை மறந்துபோனார்கள். எத்தியோப்பியக் குருமார் அதை மறக்கவில்லை.

ஆயினும், பக்தி மட்டும் போதுமானதாக இல்லை. தானா ஏரியை அடுத்த தெற்கு கோண்டர் பிரதேசத்தின் ஆலயக் காடுகளை ஆராய்ந்து 2007-இல் முனைவர் பட்டம் பெற்ற அலெமாயெகு வாஸி, அங்கே முதிய விருட்சங்கள் நின்றபோதிலும் இளங்கன்றுகள் அருகி வருவதைக் கண்டார். உள்ளே நுழையும் மாடுகள் முளைகளை மேய்ந்தும் மிதித்தும் அழித்தமையால், முதியோர் மட்டும் தங்கி மழலையொலி அற்றுப்போன இல்லம்போல் அக்காடுகள் ஆகிக்கொண்டிருந்தன.

அதற்குக் கிடைத்த பரிகாரம் மிக எளியது. அமெரிக்க விஞ்ஞானி மார்கரெட் லோமன் துணைநிற்க, குருமாரும் ஊராரும் தம் வயல்களில் கிடந்த கற்களைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டைச் சுற்றி மதில் எழுப்பினர். கல் நீங்கியதால் வயலில் உழவு எளிதாயிற்று. மாடு நுழையாமையால் காட்டில் கன்றுகள் தலையெடுக்கலாயின. விஞ்ஞானி கண்டறிந்ததைக் குருவின் சொல் ஊரறியச் செய்தது. குருவின் சொல்லை உழவனின் கை நிறைவேற்றியது.

பூமி கடவுளுடையது என்று நாவினால் அறிக்கையிடுவோர் உலகெங்கும் கோடிக்கணக்கில் உள்ளனர். அவ்வறிக்கை மெய்யாக வேண்டுமாயின், அவர்கள் ஒவ்வொருவரும் தம் காலடியில் கிடக்கும் ஒரு கல்லையேனும் எடுத்து, அந்த மதிலில் வைத்தாக வேண்டும்.