பாபூனா எண்ணெய்: துளிக் கணக்கும் கரண்டிக் கணக்கும்

சென்ற மார்கழி மாதம் லக்னோ குளிரில் என் முழங்கால் மடக்கவும் முடியாமல் நீட்டவும் முடியாமல் படுத்தியது. சில வருடங்களாக நான் யுனானிக் கடையில் வாங்கும் 'ரோகன் பாபூனா'வைத்தான் தேய்த்து வருகிறேன். அன்று இரவு அலமாரியில் 'பாபூனா' என்று எழுதிய ஒரு சிறு பாட்டில் கண்ணில் பட்டது. அதே சரக்கு என்று எண்ணி, மூக்குக் கண்ணாடியும் போடாமல், வாயில் இருந்த சொட்டு அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, ஒரு கரண்டி அளவு ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தேன். நள்ளிரவில் எரிச்சல் ஆரம்பித்தது. காலையில் கால் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. ஆறுவதற்குப் பத்து நாள் ஆயிற்று.

கொப்புளத்தைப் பார்த்த மருமகள் முகம் வெளுத்துவிட்டாள். "மாமா, அது நான் பாப்பாவுக்காக வாங்கினது. வயிற்று உப்புசத்துக்கு நல்லதுன்னு சொன்னாங்க. இன்னைக்கு வெந்நீரில் ரெண்டு சொட்டு விட்டுக் கொடுக்கலாம்னு இருந்தேன்" என்றாள். பேத்திக்கு அப்போது ஏழு மாதம்.

அதன் பிறகுதான் இரண்டு பாட்டில்களையும் மேஜைமேல் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் தெரிந்துகொண்டதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்லுவது கடமை என்று தோன்றுகிறது.

ஒரு பூ, இரண்டு எண்ணெய்

பாபூனா என்று இங்கே சொல்வது ஆங்கிலத்தில் கேமோமைல். தமிழில் சீமைச் சாமந்தி. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட சின்னப் பூ. மொகலாயர் காலத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. நம் லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிலையம் இதன் சாகுபடியை வளர்த்துவருகிறது.

ரோகன் பாபூனா என்பது இந்தப் பூவின் சத்தை நல்லெண்ணெயில் இறக்கியது. நம் வீட்டில் தைலம் காய்ச்சுவது போலத்தான். அதில் பெரும்பங்கு நல்லெண்ணெயே. கரண்டியில் எடுத்துத் தேய்க்கலாம். 2015-ல் ஈரானில் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் இத்தகைய எண்ணெயைச் சோதித்தார்கள். வலி மாத்திரையின் தேவை குறைந்தது. ஆனால் விறைப்பிலும் நடமாட்டத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே ஓரளவு ஆறுதல் உண்டு, அற்புதம் இல்லை.

சிறு பாட்டிலில் இருந்தது வேறு. அது பூவை நீராவியில் வடித்தெடுத்த வாசனைத் தைலம். நான் 1981-ல் வேலையில் சேர்ந்தபோது நீராவி இஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆவியின் சுபாவம் எனக்குப் புதிதல்ல. பூ நிரப்பிய பாத்திரத்தின் வழியே ஆவியைச் செலுத்தினால், ஆவியாகக்கூடிய வாசனைப் பொருள்கள் அதனுடன் கிளம்பிவிடும். குளிரவைத்தால் தண்ணீர் கீழேயும் தைலம் மேலேயும் பிரியும். இதன் நிறம் கரு நீலம். பூவில் நீலம் கிடையாது. நிறமில்லாத ஒரு பொருள் வடிக்கும் சூட்டில் மாறி, கேமசுலீன் என்ற நீலப் பொருளாகிறது.

கணக்கைப் பாருங்கள்

100 கிலோ உலர்ந்த பூவிலிருந்து கிடைக்கும் தைலம் பெரும்பாலும் 1 கிலோவைத் தாண்டாது. அப்படியானால் 10 மில்லி பாட்டிலுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோ உலர்ந்த பூவின் சாரம் இருக்கிறது. ஒரு கோப்பைக் கஷாயத்துக்கு 2 அல்லது 3 கிராம் பூ போதும். எனவே ஒரே துளியில் சுமார் இரண்டு கோப்பைக்கான பூவின் வாசனைச் சாரம் அடங்கிவிடுகிறது. நான் காலில் ஊற்றியது நூறு துளி! 'எண்ணெய்' என்ற பெயர்தான் என்னை ஏமாற்றியது.

உபயோகிக்கும் முறை

ஒரு டீஸ்பூன் (5 மில்லி) நல்லெண்ணெயில் 2 துளி. முதியவர்களுக்கும் மெல்லிய தோல் உள்ளவர்களுக்கும் 1 துளி. இந்த ஊர்க் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்பதால் நல்லெண்ணெயே சௌகரியம். முதலில் முழங்கை மடிப்பின் உட்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள். குளிக்கும் தண்ணீரில் நேராக விடாதீர்கள். அது தண்ணீருடன் கலக்காமல் மிதந்து தோலில் ஒட்டும். தூக்கத்துக்கு என்றால் கைக்குட்டையில் ஒரு துளி விட்டுத் தலையணை அருகே வைத்தால் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது.

மனப் பதற்றத்துக்கு இது நல்லது என்று சொல்வதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் 2009-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சோதித்தது பூவின் சாற்றை அடைத்த காப்ஸ்யூலை; இந்தத் தைலத்தை அல்ல.

யார் விலக வேண்டும்?

இது சாமந்திக் குடும்பம். சாலையோரம் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியமும் (இங்கே 'காஜர் காஸ்') அதே குடும்பம்தான். அந்தச் செடியோ சாமந்திப் பூவோ பட்டால் அரிப்பவர்கள் இதைத் தொட வேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அந்த மாத்திரை சாப்பிட்டுவந்த 70 வயதுப் பெண்மணி ஒருவர், சீமைச் சாமந்திக் கஷாயமும் அது கலந்த தோல் பூச்சும் தாராளமாக உபயோகித்து, உள்ளே இரத்தக் கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்ந்த விவரம் 2006-ல் கனடாவின் மருத்துவ இதழில் வந்தது. இருதய வால்வு மாற்றியவர்கள் நம் வீடுகளில் பலர் உண்டு; டாக்டரிடம் சொல்லாமல் எதுவும் வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படியே.

கைக்குழந்தைகளுக்கு உள்ளேயும் வேண்டாம், வெளியேயும் வேண்டாம். கஷாயம்கூட டாக்டரைக் கேட்ட பிறகுதான். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பாட்டிலை வெளிச்சம் படாமல் இறுக மூடி வையுங்கள். நீலம் பச்சையாகி, பழுப்பாகிவிட்டால் தைலம் கெட்டுவிட்டது. தோலை இன்னும் அதிகமாக உறுத்தும்.

பாட்டி வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் என்று கரண்டிக் கணக்கில் பழகியவர்கள் நாம். ஆனால் இன்று கடையில் 'எண்ணெய்' என்று விற்கும் எல்லாமே அந்தக் கணக்கில் அடங்காது. இப்போது எங்கள் வீட்டில் ரோகன் பாபூனா என் கட்டிலருகே இருக்கிறது. நீலப் பாட்டில், 'துளி மட்டும்' என்று தமிழில் எழுதி ஒட்டிய சீட்டுடன், பேத்தியின் கைக்கும் என் அவசரத்துக்கும் எட்டாத மேல் தட்டில் இருக்கிறது.