மொரிஸ் மைனருக்கு யார் வைத்த விலை?

இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ பழைய மொரிஸ் மைனர் ஒன்றை விலை பேசப் போகிறவர் சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போவது நல்லது. மட்கார்டிலும் கதவின் அடிப்பகுதியிலும் அதை ஒட்டிப் பார்க்க வேண்டும். தகரம் இருந்தால் பிடிக்கும். புட்டி அப்பியிருந்தால் காந்தம் கையோடு திரும்பி வந்துவிடும். இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீற்றருக்கும் மேல் மழை கொட்டுகிறது. அந்த ஈரத்தில் அறுபது வருடம் நின்ற காரில் துரு இருக்கத்தான் செய்யும். எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மொரிஸ் மைனருக்குத் தனிச் சேஸி கிடையாது, உடம்பேதான் சேஸி. பின் லீப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடமும், முன் இருக்கைக்குக் கீழே குறுக்கே போகும் தகரச் சட்டமும் உளுத்திருந்தால் மேலே எவ்வளவு பெயின்ட் மின்னினாலும் அது கார் அல்ல, வேலை.

குனிந்து பார்த்து முடிந்ததும் சீ.ஆர். புக்கைக் கேட்க வேண்டும். அதிலுள்ள எஞ்சின் நம்பரும் பொனட்டுக்குள் இருக்கும் எஞ்சின் நம்பரும் ஒன்றா? எந்த வருடம் முதல் பதிவு? யார் யார் கை மாறி வந்தது? ஒரே வருடத்து, ஒரே மொடல் மொரிஸ்கள் இரண்டுக்கு நடுவே விலை இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படுவது இந்தக் கேள்விகளால்தான்.

இதே கேள்விகளைத்தான் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பணம் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அங்கே பழைய கார்ச் சந்தையின் ராஜா 'மசில் கார்'. நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய வி8 எஞ்சினைத் திணித்து, இளைஞர்களின் கைக்கு எட்டுகிற விலையில் விற்றார்கள். 1964இல் வந்த பொன்டியாக் ஜீ.டீ.ஓ.வைப் பலரும் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆட்டம் பத்து வருடம்கூட நிற்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறியது, புகைச் சட்டங்கள் இறுகின, 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. கலனுக்குச் சில மைல் மட்டும் ஓடுகிற கார்கள் தெருவோரத்தில் அடிமாட்டு விலைக்குப் போயின.

அந்தச் சரிவுதான் இன்றைய விலைக்கு அத்திவாரம். 1971இல் பிளைமவுத் கம்பனி ஹெமி எஞ்சின் பூட்டிய கூடா காரைத் திறந்த கூரையோடு மொத்தம் 11தான் செய்தது. விலையும் காப்புறுதியும் கூடுதலாக இருந்ததால் கேட்டு வந்தவர்கள் அவ்வளவு பேர்தான். அவற்றில் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 இலட்சம் டொலருக்குப் போனது. அன்று ஆள் வாங்காமல் விட்டதே இன்று அதன் மதிப்பு.

இன்னொன்று இன்னும் சுவையான கதை. 1968இல் வெளியான 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்குயீன் என்ற நடிகர் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங்கை, 1974இல் நியூ ஜேர்சிக்காரர் ஒருவர் 6,000 டொலருக்கு வாங்கினார். ஆசிரியையான அவர் மனைவி அதிலேதான் பள்ளிக்கூடம் போய் வந்தார். 1977இல் மக்குயீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. 2020 ஜனவரி 10ஆம் திகதி புளோரிடாவின் கிஸிம்மியில் மகன் அதை ஏலத்தில் விட்டபோது, கட்டணங்களோடு சேர்த்து 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலர் விழுந்தது. காரைப் புதுப்பித்திருக்கவில்லை. பெயின்ட் மங்கியிருந்தது, நெளிவுகளும் அப்படியே இருந்தன. புதுப்பித்திருந்தால் விலை குறைந்திருக்கும் என்பதை நம் ஊர் டிங்கர் பாஸ் யாரையும் நம்ப வைக்க முடியாது.

சப்ரகமுவ மலைகளில் மசில் கார் ஓடவில்லை.   ஆனால் ஆசைப்பட்டுக் கொடுக்கும் விலை பிறப்பதற்கு வி8 எஞ்சின்தான் வேண்டும் என்றில்லை. இங்கே அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவை மொரிஸ் மைனரும், ஒஸ்டின் ஏ40ம், தோட்டத்து லேண்ட் ரோவரும்தான்.

மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1948இல் லண்டனில் அறிமுகமானது. கடைசி நேரத்தில் மாதிரிக் கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. நெடுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் நாலு அங்குலம் சேர்த்தார். இன்றும் பொனட்டின் நடுவில் கையை வைத்துத் தடவினால் அந்த நாலு அங்குலப் பட்டை தட்டுப்படும். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் கார் பிடிக்கவேயில்லை. ஓடில்லாமல் அவித்த முட்டை என்று ஏசினார். முட்டை 1971 வரைக்கும் 16 இலட்சம் விற்றது. பிரித்தானியாவில் பத்து இலட்சம் தொட்ட முதல் கார் இதுதான். அதைக் கொண்டாட இளம் ஊதா நிறத்தில் 350 கார்கள் மட்டும் செய்தார்கள். சேகரிப்பவர்கள் இன்று தேடி அலைவது அந்த 350ஐ. பதினாறு இலட்சம் செய்த காருக்குள்ளேயே அருமையான கார் ஒன்று இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

வயதைச் சொல்ல சீ.ஆர். புக் தேவையில்லை. முன் கண்ணாடி நடுவே பிளந்திருந்தால் 1956க்கு முந்தியது. கதவுத் தூணிலிருந்து மஞ்சள் கை நீட்டி 'திரும்பப் போகிறேன்' என்று சொல்கிற சிக்னல் 1961 வரை. 948 சீ.சீ. எஞ்சின் 1956இல் வந்தது, 1098 சீ.சீ. 1962இல் வந்தது.

நம்பர் பிளேட்டும் வயது சொல்லும், கூடவே வேறொன்றும் சொல்லும். 1957க்கு முன் பதிவான கார்களுக்கு ஈ.என்., ஈ.வை. என்று 'சிலோன்' எழுத்துகளிலிருந்து பிரித்த ஆங்கில எழுத்துகள். 1957 தொடக்கத்தில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துத் தமிழ் ஸ்ரீ எழுதும் இயக்கம் நடத்தியது. எழுத்துகள் மேல் தார் பூசும் போட்டி 1958 கலவரத்துக்கு முன்னோடியானது. அந்தச் சூடு மலையகத்துக்கும் ஏறி, பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் உயிரிழந்தனர். இன்று அதே ஸ்ரீ நம்பர் மாறாமல் இருந்தால் காருக்குக் கூடுதல் மதிப்பு. விற்பனை விளம்பரத்தில் 'ஒரிஜினல் ஸ்ரீ நம்பர்' என்று பெருமையாகப் போடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த எழுத்தின் கணக்கு தெரியுமோ.

இலங்கையில் பழைய கார் விலையைப் பற்றிப் பேசுகிற எவரும் ஒரு விஷயத்தில் குழம்பிப்போகிறார்கள். இங்கே இரண்டு விலை இருக்கிறது. ஒன்று தட்டுப்பாட்டு விலை, மற்றது ஆசை விலை. இரண்டும் ஒன்றல்ல.

தட்டுப்பாட்டு விலையை ஆக்குவது அரசாங்கம். அறுபதுகளில் அந்நியச் செலாவணி வற்றியதும் கார் இறக்குமதிக்குக் கதவு சாத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை நாட்டுக்குள் இருந்த கார்தான் கார். போர்ட் பிரிபெக்ட், ஹில்மன், பேஜோ 404 எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துப் பூட்டி ஓட்டினார்கள். பிறகு ஜப்பான் வண்டிகள் வந்து குவிந்தன. 2020 மார்ச்சில் மறுபடி கதவு சாத்தப்பட்டது. 2022இல் ரூபாய் விழுந்தபோது, சில வருடம் ஓடிய வேகன் ஆர் ஒன்று தடைக்கு முந்திய விலையைப்போல ஏறத்தாழ இரு மடங்குக்குப் போனது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான், அதுவும் கனத்த வரியோடு, திறந்தது. வேகன் ஆரின் விலையை ஒரு வர்த்தமானி ஏற்றும், இன்னொரு வர்த்தமானி இறக்கும். அதை வாங்கி வைத்துவிட்டு 'கார் முதலீடு' என்று நினைப்பது சூதாட்டம்.

மொரிஸின் விலை ஆசை விலை, அது அப்படி ஆடுவதில்லை. கதவு திறந்து எத்தனை புதுக் கார் வந்தாலும் மொரிஸ் இனி வரப்போவதில்லை. அதைக் கேட்கிற ஆளும் வேறு. அமெரிக்காவில் மசில் கார் விலை எண்பதுகளுக்குப் பிறகு ஏறியதற்குக் காரணம், பதினேழு வயதில் அதை ஏக்கத்தோடு பார்த்தவர்களுக்கு நாற்பது வயதில் கையில் காசு புழங்கியதுதான். இங்கேயும் அதே கணக்கு, ஆனால் அதில் தோட்டம் சேர்ந்துகொள்கிறது.

லயத்துப் பிள்ளைகளுக்குக் கார் என்றால் துரை கார். கிளாக்கரிடமும் டீமேக்கரிடமும் ஒஸ்டினோ மொரிஸோ இருந்திருக்கலாம். பெரிய துரையின் லேண்ட் ரோவர் சத்தம் வளைவில் கேட்டாலே மலையில் கங்காணியின் குரல் உயரும். பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்தது தோட்டத்து லொறிதான். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. ஜனவசமவும் பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. போன துரைமார் விட்டுச்சென்ற கார்கள் டாக்டர், முதலாளி, மாணிக்க வியாபாரி என்று பெல்மதுளை, பலாங்கொடை, கேகாலை நகரங்களுக்குள் இறங்கின. அவற்றை இப்போது தேடி வருகிறவர்களில் அதே லயங்களில் பிறந்து டவுனில் கடை போட்டு முன்னுக்கு வந்தவர்களும் உண்டு. தாத்தா தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கொடுத்த காரைப் பேரன் வாங்கி ஓட்டுவதில் இருக்கிற திருப்திக்கு ரூபாயில் கணக்குப் போடுவது கஷ்டம். விற்பவருக்கு அது நன்றாகவே தெரியும், விலையை அங்கேதான் நிறுத்துவார்.

யாருடைய கார் என்பதும் விலைதான். கொழும்பு காலிமுகத்திடல் ஹோட்டலில் கண்ணாடிக்குள் நிற்கும் 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன், இளம் கடற்படை அதிகாரியாக இலங்கையில் இருந்த இளவரசர் பிலிப் 12 பவுணுக்கு வாங்கிய கார். அவர் பெயரை எடுத்துவிட்டால் அது சாதாரணமான ஒரு சின்னக் கார். நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆரின் 4777 அம்பாசடர் இன்று சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. இந்தியத் தெருக்களில் ஓடிய இலட்சக்கணக்கான அம்பாசடர்களில் அதற்கு மட்டும் கூட்டம். தோட்டத்து மொரிஸுக்கும் இது பொருந்தும். முதல் சொந்தக்காரர் பெயர், தோட்டத்தின் பெயர், பழைய சர்விஸ் பில் ஒரு கட்டு இருந்தால் அவற்றைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடக்கூடாது.

எஞ்சின் மாற்றியதுதான் இங்கே பெரிய தலைவலி. பல மொரிஸ்களின் பொனட்டுக்குள் இருப்பது நிசான் எஞ்சின். சேகரிப்பவர் அதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார். ஆனால் பார்ட்ஸ் கிடைக்காத காலத்தில் அந்த ஜப்பான் எஞ்சினைப் பூட்டியதால்தான் கார் இரும்புக் கடைக்குப் போகாமல் பிழைத்தது. எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து, பழைய எஞ்சினையும் கராஜ் மூலையில் வைத்திருப்பவர் புத்திசாலி. இரண்டையும் சேர்த்து விற்கலாம்.

பார்ட்ஸ் விஷயத்தில் இலங்கைக்கு ஒரு பெருமையும் உண்டு. பிரித்தானியாவின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ள்ஸ் வெயார், தொண்ணூறுகளில் இலங்கையர் ஒருவரோடு சேர்ந்து டியூரபிள் கார் கம்பனியைத் தென்னிலங்கையில் தொடங்கினார். மட்கார்டுகளையும் மற்றத் தகரப் பாகங்களையும் இங்குள்ள பாஸ்மார் கையால் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பிறந்த நாட்டிலேயே செய்யாமல் விட்ட பாகம் இங்கிருந்து போனது.

ஆசைக்கும் வயது உண்டு. துரை காரைக் கண்ணால் கண்ட தலைமுறை மெல்லக் குறைகிறது. அவர்கள் பிள்ளைகள் வளர்ந்தபோது றோட்டில் ஓடியவை கொரோலா டீ.எக்ஸ். வேகனும் பொக்ஸ் லான்சரும். தாழ்த்தி, ரிம் மாற்றி, ஸ்டீரியோ அதிரத்தான் டீ.எக்ஸை ஓட்டுகிறார்கள். மாற்றாத ஒன்றை அப்படியே கம்பனி நிறத்தில் கண்டுபிடிப்பது இப்போதே லேசில்லை. மொரிஸுக்குக் காந்தம் எடுத்துப் போகிறவர்கள் ஒரு நாள் டீ.எக்ஸுக்கும் எடுத்துப் போவார்கள், அப்போது ஒரிஜினல் ரிம் நாலும் எந்தக் கராஜின் பரணில் கிடக்கிறது என்ற விசாரணை நடக்கும்.