ஆங்கிலப் பத்தியைக் கண்டு பயமா?

அரையாண்டுத் தேர்வு ஆங்கிலப் பத்தியில் 'கில்ன்' என்ற சொல் எனக்குப் புரியலை. பயத்தில் பத்தியையே விடையாக எழுதி வெச்சேன். மதிப்பெண் போச்சு!

பிறகு ஆசிரியர் சொல்லித் தந்த வழி இதுதான்:

1. முதலில் கேள்விகளைப் படிக்கணும்.

2. பத்தியை இருமுறை படிக்கணும்.

3. தெரியாத சொல்லுக்கு முன்னும் பின்னும் பார்க்கணும். களிமண் பொம்மைகளைக் 'கில்னில்' வைத்துச் சுட்டார்களாம். எதில் சுடுவோம்? சூளையில்! நம்ம விருத்தாசலம் பீங்கான் சூளைதாங்க அது!

4. 'ஒய்' என்றால் காரணம், 'வென்' என்றால் காலம். கேள்வியில் 'டிட்' வந்தால் விடையில் வினைச்சொல்லை இறந்தகாலத்தில் எழுதணும். 'டிட் கோ' என்பது 'வென்ட்' ஆகும்.

சீன மாணவர்களும் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலப் பத்தி படிச்சுத்தான் விடை தேடுறாங்க. மங்களூர்ப் பிள்ளைங்க நமக்கு மட்டும் முடியாதா என்ன? தினம் ஒரு பத்தி படிப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி