மோட்டார்ப் பந்தய வீரர் நரேன் கார்த்திகேயன்



பந்தயம் என்றவுடன் நம் உள்ளத்தில் வந்து நிற்பவர் முதலாவதாக வந்தவரே. நான்காவதாக வந்தவரை எவரும் நினைவிற் கொள்வதில்லை. ஆயினும், தமிழ்நாட்டுச் சாரதி ஒருவர் பெற்ற நான்காம் இடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது அவர்தம் தகுதியால் வந்ததா, அன்றிப் பிறர் விலகி நின்றமையால் வந்ததா என்னும் வினா எண்ணிப் பார்க்கத் தக்கது.

கோயம்புத்தூர் பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்ற நகரம். ஆலைகளோடு பட்டறைகள் வளர்ந்தன. பட்டறைகளோடு இயந்திரங்களின் மீதான ஆர்வமும் வளர்ந்தது. அந்நகரத்துக் கரிவரதன் என்பார், குறைந்த செலவிற் பந்தயக் கார்களை அமைத்து இளைஞர் பழகுவதற்கு வழி செய்தார். அத்தகைய சூழலில் வளர்ந்தவரே நரேன் கார்த்திகேயன். அவர் பிறந்தது 1977ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி. தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் நெடுந்தூர மோட்டார்ப் போட்டிகளிற் புகழ் பெற்றவர்.

சென்னைக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர் ஓடுபாதையில், மாருதி இயந்திரம் பூட்டிய சிறு காரில் நரேன் பந்தயம் தொடங்கினார். 1992இல் பிரான்சு நாட்டுப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். 1994இல் இங்கிலாந்துப் போட்டிகளில் ஓட்டினார். 1996இல் ஆசிய போர்முலா போட்டியில் வாகை சூடினார். பின்னர் பிரித்தானியாவிலும் யப்பானிலும் பல ஆண்டுகள் ஓட்டினார். 2001ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் திகதி, சில்வர்ஸ்டன் பாதையில், உலகின் தலையாய போட்டியாகிய போர்முலா 1இல் ஓடும் காரொன்றைச் சோதனையாக ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அப்போட்டியிலேயே இடம் பெறுவதற்கு மேலும் நான்கு ஆண்டுகள் கடந்தன.

இத்துணைக் காலம் ஏன் ஆயிற்று? இவ்விளையாட்டில் திறமை மட்டும் போதாது. கார், இயந்திரம், டயர், பயணம், பழுதுபார்ப்போர் கூலி என ஒவ்வொன்றுக்கும் பெரும்பணம் வேண்டும். அதனைத் தரும் நிறுவனத்தைத் தேடுவதும் சாரதியின் பணிகளில் ஒன்றாகிவிடுகிறது.

2005இல் ஜோர்டன் அணி அவருக்கு இடமளித்தது. போர்முலா 1 பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவரே. அவ்வாண்டு பத்து அணிகள் இருபது கார்களை ஓட்டின. ஜோர்டன் கார் அவற்றுள் விரைவு குன்றியவற்றில் ஒன்று.

அவ்வாண்டு ஜூன் 19ஆம் திகதி அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் நகரில் நிகழ்ந்ததே நம் பொருளின் மையம். இறப்பர் மரங்கள் சூழ்ந்த சப்பிரகமுவையில் வாழும் நமக்கு டயரின் அருமையைக் கூற வேண்டியதில்லை. அன்று அனைத்தையும் தீர்மானித்தது டயரே. அப்பாதையின் ஒரு வளைவு, வெளிப்புறம் உயர்ந்தும் உட்புறம் தாழ்ந்தும் சாய்வாக அமைந்தது. அதிற் கார் விரைந்து செல்லும்போது, அதனைப் பாதையின்மேல் அழுத்தும் விசை மிகுகின்றது. அச்சுமையின் பெரும்பகுதியை வெளிப்பக்கத்து டயர்களே தாங்க வேண்டும். மேலும், அவ்வாண்டு விதியின்படி பந்தயம் முழுவதும் ஒரே டயர்த் தொகுதியையே பயன்படுத்த வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ப் சூமாக்கரின் காரில் இடப்பக்கப் பின்டயர் பழுதுற்று, கார் சுவரில் மோதியது. வளைவில் வேகம் குறைக்கப்பட்டாலன்றித் தம் டயர்களுக்கு உறுதி கூற இயலாது என மிச்செலின் நிறுவனத்தார் அறிவித்தனர். வேகத்தைத் தணிக்கப் பாதையில் திருப்பம் அமைக்கும் யோசனையைப் போட்டியின் ஆட்சிக் குழுவினர் ஏற்கவில்லை. பந்தய நாளன்று இருபது கார்களும் முன்னோட்டமாக ஒரு சுற்று வந்தன. அது முடிந்ததும் மிச்செலின் டயர் பூட்டிய பதினான்கு கார்கள் ஒதுங்கிவிட்டன. பார்வையாளர் கூச்சலிட்டனர், சிலர் பாதையிற் போத்தல்களை வீசினர்.

பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்களே எழுபத்துமூன்று சுற்றுப் பந்தயத்தில் ஓடின. இரு பெராரி கார்கள் முன்னே சென்றன. நரேனின் அணித் தோழர் மூன்றாவதாக வந்தார். நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். போர்முலா 1இல் நாற்பத்தாறு பந்தயங்களில் ஓடிய அவருக்குக் கிடைத்த புள்ளிகள் இவை ஐந்தேயாம்.

பதினால்வரும் ஓடியிருந்தால் நான்காம் இடம் அவருக்கு எட்டியிராது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அவ்வறுவருள் ஒருவராக நிற்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. எதிரிகள் குறைந்தமையால் பாதையின் இடர் குறையவில்லை. காரைச் சிதையாமல் இறுதிவரை கொண்டு சேர்த்தவருக்கே புள்ளி உண்டு. ஆகவே அதனைப் பிச்சை என்று தள்ளுவதும் தவறு. பெருவெற்றி என்று கொண்டாடுவதும் மிகை.

அதன்பின் அவர் வில்லியம்ஸ் அணியின் சோதனைச் சாரதியாக இருந்தார். 2007 டிசம்பரில், சீனாவின் சூகாய் நகரில், நாடுகளுக்கிடையிலான ஏ1 பந்தயமொன்றை இந்தியாவுக்காக வென்றார். 2010இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2011ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி, இந்திய மண்ணில் நடந்த முதற் போர்முலா 1 பந்தயத்திற் பதினேழாவதாக வந்தார். பின்னர் யப்பானியப் பந்தயங்களிற் பல ஆண்டுகள் ஓட்டினார்.

அன்று விலகி நின்ற பதினால்வரையும் நாம் மறத்தலாகாது. கூச்சலுக்கு அஞ்சாது ஓட மறுத்தமையால், ஒருவேளை நேரக்கூடிய உயிரிழப்புத் தவிர்க்கப்பட்டது. நம் நாட்டிலேயே, 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, தியத்தலாவைப் பந்தயத்திற் காரொன்று பாதையை விட்டு விலகி எழுவரின் உயிரைக் கவர்ந்தது. அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள்.

எம்பிலிப்பிட்டியவிலிருந்து பெல்மதுளை நோக்கிச் செல்லும் வீதியில் முச்சக்கர வண்டியும் லொறியும் ஓட்டிப் பிழைப்போருள் நம் பாடசாலைகளிற் பயின்றோர் பலர். நரேனின் விடாமுயற்சியை அவர்கள் போற்றட்டும். அத்துடன், புறப்படுமுன் டயரைக் குனிந்து பார்க்கும் வழக்கத்தையும், தேய்ந்திருந்தால் அன்றைய கூலியை இழந்தேனும் வண்டியை நிறுத்தும் துணிவையும் கைக்கொள்ளட்டும்.