தரங்கம்பாடி நடைவழி

தரங்கம்பாடி, தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில் வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள வரலாற்றுச் சிறப்புமிக்க ஊராகும். 1620 முதல் 1845 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, இது டேனியரின் ஆட்சியில் இருந்தது. பழைய நகரின் தெரு அமைப்பு பெரிதும் மாறாமல் இருப்பதால், இதனை நடந்தே முழுமையாகப் பார்க்கலாம்.

தெருக்கள் நிலைத்த காரணம்

தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620 இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி டேனியர் இங்கு கோட்டை கட்டினர். 1845 இல் இவ்வூர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. 1861 இல் நாகப்பட்டினத்துக்குத் தொடர்வண்டிப் பாதை அமைந்தபின் வணிகமும் அங்கு நகர்ந்தது. வளர்ச்சி குன்றியதால் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்பும் தேவை இங்கு அதிகம் ஏற்படவில்லை.

நடைவழி

மேற்கிலுள்ள நகர வாயிலில் தொடங்கிக் கிழக்கே கடலை நோக்கி நடப்பது எளிது. 1792 இல் கட்டப்பட்ட இவ்வாயிலிலிருந்து ராஜா வீதி நேராகக் கடற்கரை வரை செல்கின்றது. இதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. 1701 இல் திறக்கப்பட்ட சீயோன் ஆலயமும், 1718 இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயமும் இவ்வீதியில் உள்ளன. 1706 இல் வந்திறங்கிய சீகன்பால்கு பிந்தைய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715 இல் இவ்வூரிலேயே அச்சிட்டு முடிக்கப்பட்டது.

வீதியின் முடிவில் திறந்த வெளியும், அதன் தெற்கே டான்ஸ்போர்க் கோட்டையும் உள்ளன. கோட்டையின் கீழ்த்தளம் கிடங்காகவும் சிறையாகவும், மேல்தளம் ஆளுநர் முதலியோரின் உறைவிடமாகவும் பயன்பட்டன. தற்போது இங்கு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது.

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் மாசிலாமணிநாதர் கோயிலை அடையலாம். இது 14 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்டது. இதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. திரும்பும் வழியில் கோல்ட்ஸ்மித் தெருவைக் காணலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இங்குள்ள பழைய ஓட்டு வீடுகள் சில இன்டாக் அமைப்பால் புதுப்பிக்கப்பட்டன.

பயணிகள் கவனத்திற்கு

* மயிலாடுதுறை, காரைக்கால், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து பேருந்தில் வரலாம்.
* கடற்கரையில் நிழல் குறைவு. காலையில் அல்லது மாலையில் நடப்பது நல்லது. குடிநீரும் குடையும் உடன் இருத்தல் வேண்டும்.
* அருங்காட்சியகத்தின் நேரத்தையும் விடுமுறை நாளையும் முன்பே கேட்டறிதல் வேண்டும்.
* ஆலயங்களிலும் கோயிலிலும் இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது. ஞாயிறு காலை ஆராதனை வேளையில் ஆலயங்களைச் சுற்றிப் பார்ப்பதைத் தவிர்க்கலாம்.
* பழைய வீடுகள் பலவற்றில் மக்கள் வாழ்கின்றனர். இசைவு பெற்ற பின்னரே உள்ளே செல்வதும் படம் எடுப்பதும் முறையாகும்.
* கரையோரக் கற்கள் வழுக்கும் தன்மையன. சிதைந்த சுவர்களின் மீது ஏறுதல் ஏறுவோருக்கும் சுவருக்கும் கேடாகும்.

கடலரிப்பு

கடலரிப்பே இந்நகரின் முதன்மையான அச்சுறுத்தலாகும். நகரின் பழைய சுற்றுமதில் பெரும்பாலும் அழிந்துவிட்டது. கோயிலைக் காக்கக் கரையில் பாறைகள் இடப்பட்டுள்ளன. மேற்கு வாயிலிலிருந்து நடந்து வருபவர், நிலைத்து நிற்கும் தெருக்களையும் கடல் கரைத்த விளிம்பையும் ஒரே நடையில் ஒப்பிட்டுக் காணமுடியும்.